நாலு மணி நேரம்தான் சிங்கப்பூர்!

"நாலு மணி நேரம்தாம்மா! மதுரைக்கு ரயிலில் போறதைவிடச் சீக்கிரம் வந்துடலாம்" என்று டெலிபோனில் சொன்னாள் சிங்கப்பூரில் இருக்கும் என் மகள். அவளுக்கு ஒன்பதாம் மாதம். பிரசவத்துக்கு நான்தான் போக வேண்டும்.

பெரியம்மா அந்த ஊருக்குப் போனது 'ரஜூலா' கப்பலில். நாகப்பட்டினம், பினாங்கு தொட்டுப் போய்ச் சேரக் கிட்டத்தட்ட ஒரு வாரமாம். 1973-ல் ரஜூலா நின்றது. அடுத்து ஓடிய 'சிதம்பரம்' கப்பலும் 1985-ல் தீப்பிடித்ததோடு முடிந்தது. இப்போது சுமார் 2,900 கிலோமீட்டரை விமானம் நாலேகால் மணியில் தாண்டிவிடுகிறது.

தி.நகர் ரங்கநாதன் தெருவில் குழந்தைக்குத் துணி, மயிலாப்பூர் கச்சேரி ரோடு டப்பா செட்டி கடையில் பிரசவ மருந்துச் சாமான் என்று அலைந்து மூட்டை கட்டினேன். அடையாற்று நாத்தனார் வந்து பார்த்தாள். "அண்ணி, கசகசாவை எடுத்துடுங்க. அந்த ஊருக்கு அனுமதியில்லாம கொண்டுபோகக் கூடாது" என்றாள். நல்லவேளை!

ஆனால் கோட்டை விட்டது வேறு இடத்தில். ராத்திரி பதினொன்றரைக்கு விமானம். விரல் விட்டு எண்ணி, "மூணே முக்காலுக்கு இறங்கிடுவேன் மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். அவரும் அதை நம்பி வந்துவிட்டார். சிங்கப்பூர் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நான் இறங்கியபோது அங்கே ஆறேகால்! டிக்கெட்டில் அந்த ஊர் நேரம்தான் அச்சாகியிருந்தது. நான்தான் சரியாகப் பார்க்கவில்லை.

அந்த இரண்டரை மணி நேரமும் நிறைமாதப் பெண் வீட்டில் தனியாக இருந்தாள். வலி கண்டிருந்தால்? பக்கத்து வீட்டு மலாய் அம்மாள் வந்து துணைக்கு உட்கார்ந்தாராம். அவரை நினைத்துக் கைகூப்பினேன். மூன்றாம் நாள் பேத்தி பிறந்தாள்.

சகோதரிகளே, 'நாலு மணி' என்பது ஆகாயக் கணக்கு. வீட்டுக் கணக்கு வேறு. மயிலாப்பூரில் ஏழரைக்குக் கிளம்பினேன். மீனம்பாக்கத்தில் மூன்று மணி முன்னதாக இருக்க வேண்டும். மகள் வீட்டு வாசலை மிதித்தபோது நம் கடிகாரத்தில் ஐந்தேகால். ஆக, ஒன்பதே முக்கால் மணி நேரம்!

தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் புது நேரத்துக்கு எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையும் டாக்டர் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும். விமானத்தில் அவ்வப்போது தண்ணீர் குடியுங்கள். எழுந்து நாலடி நடங்கள். கைக்குழந்தைக்கு ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுத்தால் காது அடைக்காது. அங்கே பொழுது விடியவே ஏழு மணியாகிறது. குழந்தை தூக்கம் மாறி அழுதால் பயப்படாதீர்கள், சில நாளில் சரியாகிவிடும்.

திரும்பும்போது அதே இரண்டரை மணி நமக்கே திரும்பக் கிடைக்கிறது. எனக்கென்னவோ, பேத்தியை விட்டு வந்த அந்தப் பயணம்தான் நீளமாக இருந்தது.