உள் டயரை யார் பார்ப்பது?

சிங்கப்பூரின் தேக்கா சந்தையிலிருந்து ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை மாலையில் நடந்தால், பின்பக்கம் இரட்டை டயர் போட்ட வண்டிகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். கட்டுமான நிறுவனங்களின் லாரிகள், தங்குவிடுதிகளிலிருந்து ஆட்களை ஏற்றி வந்த பேருந்துகள், இடையே ஒன்றிரண்டு டொயோட்டா கோஸ்டர். எந்த வண்டியானாலும் பின்சக்கரத்தில் சிக்கல் ஒன்றுதான். வெளி டயர் கண்ணுக்குத் தெரியும், உள் டயர் தெரியாது.

அறந்தாங்கிக்காரரான லாரி ஓட்டுநர் ஒருவர், நிறுத்திய கையோடு இரண்டு டயர்களின் பக்கவாட்டிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உள் டயர் கூடுதலாகச் சுடுகிறதாம். காற்றை அளக்கலாமே என்றேன்.

“இப்ப அளந்தா சரியா காட்டாதுண்ணே. பிஐஇ விரைவுச்சாலையில ஓடிவந்த சூடு இருக்கு. விடியக்காலையில சுங்கை காடுட் வாங்க, வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி காட்டுறேன்.”

அவர் சொன்னது சரி. ஓடிய டயரில் அழுத்தம் கூடிவிடும். கதவோரத் தகட்டில் எழுதியிருக்கும் அளவு, ஆறிய டயருக்கானது.

மறுநாள் இருட்டோடு போனேன். அவருடைய காற்றழுத்த அளவிக்கு இரண்டு தலை. உள் டயரின் வால்வு வெளிச்சக்கரத்தின் துளைக்குப் பின்னால் ஆழத்தில் இருக்கிறது, அதற்கு ஒரு தலை. வெளி டயரின் வால்வோ நமக்கு முதுகு காட்டி உள்பக்கம் திரும்பியிருக்கிறது, அதைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க இன்னொன்று. கை கரியாகும், விரல் சிராய்க்கும். உள் டயரை ஏன் பலரும் விட்டுவிடுகிறார்கள் என்பது குனிந்து பார்த்தபோதுதான் புரிந்தது.

தகட்டில் 600 கிலோபாஸ்கல், அதாவது 87 பிஎஸ்ஐ. வெளி டயர் 85 காட்டியது. உள் டயர் 62. நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. வெளி டயர் பாரத்தைத் தாங்கிப் பிடித்ததால், காற்று குறைந்த டயர் நசுங்கியே தெரியவில்லை. லிவரால் தட்டிச் சத்தம் கேட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. அறவே காற்றில்லாத டயரை அது காட்டிக்கொடுக்கும், 62-ஐயும் 87-ஐயும் பிரித்துச் சொல்லாது.

சோப்புத் தண்ணீர் தெளித்தார். உள் வால்வில் மாட்டிய ரப்பர் நீட்டுக்குழாயின் இணைப்பில் குமிழி கிளம்பியது. காற்றடிக்க வசதி என்று மாட்டுவது இது. ஆனால் இதை மாட்டியதும் குழாயின் ஊசி டயரின் சொந்த வால்வை அழுத்தித் திறந்தே வைத்திருக்கிறது. அதன்பின் காற்றைக் காப்பது குழாய் மட்டுமே. சக்கரம் சுழலும் வேகத்தில் அது ஆடி, துளையின் விளிம்பில் உரசித் தேய்கிறது.

ஆட்களை வேறு லாரியில் அனுப்பிவிட்டுப் பக்கத்து டயர் கடைக்காரரை அழைத்தார். காற்றடித்துவிட்டுப் போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். கடைக்காரர் மறுத்துவிட்டார். உரிய அளவுக்கு 20 விழுக்காடு கீழே போன லாரி டயர், ஓடியிருந்தால் பஞ்சரான டயருக்குச் சமம். பக்கவாட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி இழைகள் மடங்கி மடங்கி நைந்திருக்கலாம். அந்த நிலையில் வண்டியிலேயே வைத்துக் காற்றடித்தால் பக்கவாடு கிழிந்து வெடிக்கலாம். பக்கத்தில் நிற்பவரைக் கொல்லும் அளவுக்கு அதற்கு விசை உண்டு. ஆகவே டயரைக் கழற்றி, உள்ளே விரல் விட்டுத் தடவினார். ரப்பர் தூள் கையோடு வந்தது. டயரை ஒதுக்கிவிட்டார். கூடுதல் பாரம் சுமந்த வெளி டயரையும் விடாமல் பிரித்துப் பார்த்தார். அது தேறியது.

சிங்கப்பூரில் லாரியின் பின்தட்டில் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லச் சட்டம் இன்னமும் இடம் தருகிறது. அவர்கள் உட்கார்ந்து வருவது இந்த டயர்களுக்கு நேர் மேலே. பத்தாண்டுக்கு உட்பட்ட லாரிக்கு ஆண்டுக்கொரு பரிசோதனை, அதைத் தாண்டினால் ஆறு மாதத்துக்கொன்று. இடைப்பட்ட அத்தனை விடியல்களும் ஓட்டுநர் பொறுப்பு. இந்த ஓட்டுநர் அளவியைத் தன் சொந்தக் காசில் வாங்கியிருக்கிறார். அது எனக்கு உறுத்தியது. இரட்டைத் தலை அளவியும், வண்டி எடுக்குமுன் பத்து நிமிடமும் நிறுவனம் கொடுக்க வேண்டியவை.

கடைக்காரர் புது டயரை அப்படியே வெளி டயரோடு சேர்க்கவில்லை. விட்டம் ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் பெரியது பாரம் சுமக்கும், சிறியது சாலையில் இழுபடும். ஏறக்குறைய அதே அளவு தேய்ந்த டயர் ஒன்றைத் தேடி எடுத்து, வால்வையும் புதிதாக மாற்றி, இரும்புக் கூண்டுக்குள் வைத்துக் காற்றடித்தார். ரப்பர் குழாய்க்குப் பதில் ஆடாத உலோகக் குழாய், உள்ளே ரப்பர் வளையம் வைத்த உலோக மூடி. மாட்டும்போது இரண்டு வால்வுகளும் எதிரெதிராக நிற்கும்படி திருப்பினார், இனி கை எளிதாக எட்டும். நட்டுகளை முறுக்கி முடித்துவிட்டு ஓட்டுநரிடம் சொன்னார்: “நூறு கிலோமீட்டர் ஓடறதுக்குள்ள வந்து இன்னொரு தடவை முறுக்கிட்டுப் போ தம்பி.”