காசெடுத்தால் அறுந்துபோகும் பாட்டு

கோஜி கோண்டோவின் மரியோ பாட்டை இப்போது பெரிய இசைக்குழுவே வாசிக்கிறது. வயலினும் ட்ரம்பெட்டுமாக ஒரு பிசிறு இல்லை. எனக்கு வேண்டியதோ அந்தப் பிசிறு.

கோண்டோ நகோயாக்காரர். சின்ன வயதிலேயே எலெக்ட்ரானிக் ஆர்கன் பழகியவர். ஒசாகா கலைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு 1984இல் நின்டெண்டோவில் சேர்ந்தார். மறு வருஷம் செப்டம்பரில் சூப்பர் மரியோ பிரதர்ஸ் என்ற வீடியோ கேம் அவர் இசையோடு வந்தது. முதலில் போட்ட மெட்டு மரியோவின் ஓட்டத்துக்கும் குதிப்புக்கும் ஒத்துவரவில்லை என்று தூக்கிப்போட்டுவிட்டு வேறு போட்டார். தண்ணீருக்கடியில் நீந்துகிற கட்டத்துக்கு ஒரு வால்ட்ஸ். நேரம் நூறுக்குக் கீழே இறங்கினால் அதே பாட்டு தலைதெறிக்க ஓடும். நம் விரலும் உளறத் தொடங்கும்.

மொத்த ஆட்டமுமே 40 கிலோபைட்தான். படம், குழாய், ஆமை எல்லாம் போக மிஞ்சிய மூலையில் பாட்டு. மெட்டுக்கும் துணைக்கும் இரண்டு குரல், அடியில் பேஸுக்கு ஒன்று, தாளத்துக்கு ‘இஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல். நின்டெண்டோவின் ஃபாமிகாம் பெட்டிக்குள் இந்தப் பாட்டுக்கு அவர் எடுத்துக்கொண்ட வாத்திய கோஷ்டி இவ்வளவே. ஆட்டத்தின் மற்ற ஓசைகளுக்கென்று தனிக் குரல் கிடையாது. குதிக்கிற சத்தமும் காசு எடுக்கிற ‘டிங்’கும் பாட்டிடமிருந்து ஒரு குரலைப் பிடுங்கிக்கொண்டுதான் ஒலிக்கும்.

அதனால் ஆளுக்கொரு பாட்டு. என் அண்ணன் ஒரு காசைக்கூட விடமாட்டான். அவன் ஆடினால் மெட்டு கந்தலாகத் தொங்கும். நான் காசைப் பார்க்காமல் ஓடுவேன். என் பாட்டு முழுசாக வரும், ஆனால் சீக்கிரம் செத்துப்போவேன். அடுத்த அறையில் இருந்துகொண்டே யார் கையில் ஜாய்ஸ்டிக் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இன்னொரு கூத்தும் உண்டு. தொண்ணூறுகளில் எங்கள் வீட்டுக்கு வந்தது நின்டெண்டோ பெட்டியே அல்ல. பர்மா பஜாரில் வாங்கிய நகல். ‘டிவி கேம்’ என்போம். கேசட்டைக் கழற்றி வாயால் ஊதிச் செருக வேண்டும். அடாப்டர் இட்லித் தட்டு போலச் சுடும். அப்படிப்பட்ட நகல்கள் பலவற்றில் குரலின் கனத்தைத் தீர்மானிக்கிற இரண்டு அமைப்புகள் இடம் மாறிக் கிடந்தன. ஸ்வரம் பிசகாது, குரல்தான் வேறு. பல வருஷம் கழித்து அசல் பெட்டியில் கேட்டபோது, தெரிந்த பாட்டைத் தெரியாத ஒருவர் பாடுகிற மாதிரி இருந்தது. கோண்டோ போட்டது அதுதான். எனக்கு ஒட்டவில்லை.

2007இல் சூப்பர் மரியோ கேலக்ஸி என்ற ஆட்டத்துக்கு நிஜ இசைக்குழுவை வைத்தே பதிவு செய்தார்கள். 2023இல் அந்தப் பழைய மரியோ பாட்டை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் ஒலிப்பதிவுப் பேரேட்டில் சேர்த்துக்கொண்டது; வீடியோ கேம் இசையில் அந்த மரியாதை பெற்ற முதல் பாட்டு. சந்தோஷம்தான். ஆனால் அவர்கள் காப்பாற்றி வைத்திருப்பது யாரும் ஆடாத பாட்டு. ஜோடித்த மேடையில் கோட் போட்டு உட்கார்ந்திருக்கிற வயலின்காரரிடம், அண்ணன் காசெடுக்கும்போதெல்லாம் கொஞ்சம் நிறுத்துங்கள் சார் என்று கேட்க முடியுமா என்ன?