200 பார் காற்றை எங்கே வைப்பது?

ஆய்வேட்டின் நடுவே, நண்பர் ஒருவருடன் சேர்ந்து ஒற்றை இருக்கை நீர்மூழ்கி ஒன்றை வடிவமைத்துவருகிறேன் என்பதைச் சிலர் அறிவீர்கள். (நெறியாளர் கண்ணில் இப்பதிவு படாதிருக்கட்டும்.) இவ்வாரம் முழுவதும் எங்களை அலைக்கழித்த வினா ஒன்றே: பேலஸ்ட் தொட்டியிலிருந்து நீரை வெளியேற்றும் காற்றை எதில் சேமிப்பது?

கணக்கு எளியது. தொட்டி 150 லிட்டர். 20 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் ஏறத்தாழ 3 பார். ஆகவே தொட்டியை ஒருமுறை காலியாக்க, மேற்பரப்பு அளவில் 450 லிட்டர் காற்று தேவை. பஞ்சர் கடைகளில் காணும் 8 பார் கம்ப்ரசர் தொட்டி மலிவானதுதான். ஆனால் நான்கு முறைக்கான காற்றை அதில் வைக்க 300 லிட்டர் கொள்ளளவு வேண்டும். பேலஸ்ட் தொட்டியைப் போல இருமடங்கு! 12 லிட்டர் ஸ்கூபா சிலிண்டரோ 200 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 2400 லிட்டர் காற்றைத் தாங்கும். இத்தேர்வில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழவில்லை.

சிலிண்டரை எங்கே பொருத்துவது என்பதில்தான் இரண்டு நாள் விவாதம். உள்ளே வைத்தால் வால்வு கைக்கெட்டும், உப்புநீர் அரிக்காது என்றார் நண்பர். உண்மைதான். ஆயினும் எங்கள் அறையின் கன அளவு 1.5 கனமீட்டர் மட்டுமே. சிலிண்டர் முழுவதும் கசிந்தால் உள்ளழுத்தம் 2.6 பாராக உயரும். அவ்வழுத்தத்தில் நெடுநேரம் இருந்தவர் மேலே வந்து மூடியைத் திறந்தால், முக்குளிப்போரைத் தாக்கும் அழுத்தநீக்க நோய் அவரையும் தாக்கக்கூடும். முதலில் உள்ளே அமரப்போகிறவர் அவரே என்பதால் நான் விட்டுக்கொடுக்கவில்லை. சிலிண்டர்கள் வெளியே செல்கின்றன. அலுமினியச் சிலிண்டர் காற்றுக் குறையக் குறைய மிதக்க முற்படும், எனவே எஃகு.

ஈரப்பதத்தையும் நான் அஞ்சுகிறேன். 1963 ஏப்ரல் 10 அன்று அமெரிக்காவின் 'திரெஷர்' நீர்மூழ்கி 129 பேருடன் அட்லாண்டிக்கில் மூழ்கியது. பின்னர் அதே வகைக் கப்பலான 'டினோசா'வில் சோதித்தபோது, விரைந்து விரியும் காற்றின் குளிர்ச்சியால் ஈரம் உறைந்து, குழாய் வடிகட்டிகளைப் பனிக்கட்டி அடைத்தது தெரியவந்தது. சிலிண்டரில் காற்று இருந்தும் அது தொட்டியைச் சென்றடையாத நிலை! எங்கள் ஆழம் அற்பமே. ஆனால் எங்கள் குழாய்களும் மிகக் குறுகியவை.

எனவே முடிவு: தனித்தனிக் குழாய்களுடன் இரு எஃகுச் சிலிண்டர்கள், நன்கு உலர்த்தப்பட்ட காற்று, காற்றே கைவிட்டாலும் உள்ளிருந்து கையால் கழற்றிவிடக்கூடிய ஓர் ஈயப் பாளம். சிலிண்டர்கள் நீரழுத்தச் சோதனைக்குச் சென்றிருக்கின்றன. வெளிவால்வுக்குப் பித்தளையா, துருவேறா எஃகா என்பது இன்னும் முடிவாகவில்லை. உலோகவியல் நண்பர்கள் கருத்துரைக்க வேண்டுகிறேன்.