கருவறைக் கதவுகள்

கருவறை என்றதும் கோயிலை நினைப்போர் உண்டு. நாம் பேச வந்தது தாயின் கருவறை பற்றி. அங்கே துடிக்கும் சின்னஞ்சிறு இதயத்திலும் நான்கு கதவுகள் உண்டு. வால்வு என்பர் மருத்துவர். குருதி முன்னே செல்லத் திறப்பதும், பின்னே திரும்பாதிருக்க மூடுவதும் அவற்றின் பணி. அவற்றுள் ஒன்று குறுகிப் போனாலும் இதயம் திணறும். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ எட்டுக்கு இதயத்தில் ஏதேனுமொரு பிறவிக்குறை இருக்கிறது.

ஏன் வந்தது? கேட்டுப் பாருங்கள் நம் ஊரில்! பட்டாபிராமில் நம்மிடம் படிக்கும் சிறுவன் ஒருவனுக்கு வால்வில் கோளாறு. கிரகணத்தன்று அரிவாள்மணையைத் தொட்டாளாம் தாய். அதனால் வந்த வினையாம்! ஏழாண்டுகளாக இந்த ஏச்சு. அந்த அம்மையார் சொந்தத் தாய்மாமனுக்கே மணம் முடிக்கப்பட்டவர். அதைப்பற்றி ஒருவரும் மூச்சுவிடுவதில்லை. நெருங்கிய உறவில் மணப்பதால் இத்தகைய குறைக்கு வாய்ப்புக் கூடுகிறது என்பது மருத்துவம் கண்ட உண்மை. எல்லாவற்றிற்கும் அதுவே காரணம் என்று கூறோம்; பலவற்றிற்குக் காரணமே தெரிவதில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நேர்மை அறிவியலுக்கு உண்டு, பஞ்சாங்கத்துக்கு ஏது?

ஆவடி, அம்பத்தூர்த் தொழிலாளத் தோழர்களே! வார்ப்பிரும்பில் மறைந்த விரிசலைக் காணச் செவிக்கெட்டாத ஒலியைச் செலுத்துகிறார்களே, அதே ஒலிதான் கருவையும் காட்டுகிறது. கிளாஸ்கோ மருத்துவர் இயன் டொனால்ட், 1955இல் கொதிகலன் தொழிற்சாலை ஒன்றுக்குச் சென்று, உலோகக் குறை காணும் கருவியால், அறுத்தெடுத்த கட்டிகளைச் சோதித்தார். 1958இல் தம் ஆய்வை லான்செட் இதழில் வெளியிட்டார். இன்றோ 18 முதல் 22 வாரத்துக்குள், இதயக் கதவு திறந்து மூடுவதையும், டாப்ளர் முறையால் குருதி பாயும் திசையையும் விரைவையும் திரையில் காணலாம். எல்லாக் குறையும் அகப்படுவதில்லை. சில பின்னரே வெளிப்படும்.

கண்டு பயன்? கதவு மிகக் குறுகிய குழந்தைக்குப் பிறந்த சில மணி நேரத்திலேயே மருந்து தேவைப்படலாம். நீலம் பாரித்த பின் ஆம்புலன்ஸ் தேடி ஓடுவது வேறு. குழந்தை இதய மருத்துவர் இருக்கும் இடத்திலேயே பிரசவத்துக்கு ஏற்பாடு செய்வது வேறு.

ஆனால் இந்தக் கருவியிடம் நம்மவர் பலர் முதலில் கேட்டது என்ன? “ஆணா, பெண்ணா?” அந்தக் கேள்வியைத் தடுக்க 1994இல் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. வெட்கம்!

அந்த அம்மையார் மீண்டும் கருவுற்றிருக்கிறார். இது இருபதாம் வாரம். வரும் வெள்ளியன்று ஸ்கேன். அன்று சந்திராஷ்டமம், படி தாண்டலாகாது என்கிறார் மாமியார். கணவர் இசைந்துவிட்டார். நாமும் பள்ளிக்கு விடுப்பு எழுதிவிட்டோம். காலை ஆறு மணி மின்சார ரயிலில் உடன் போகிறோம்.