வழிவிடுதல்

விடியற்காலைத் திருப்பலிக்குச் செல்வோர் நடக்கும் தெருவில் நாமும் நம் நாயுடன் உலவுவதுண்டு. ஒருநாள், எதிரே வந்த மூதாட்டி ஒருவர் நாயைக் கண்டு நடுங்கிச் சாக்கடையோரம் ஒதுங்கினார். கையிலிருந்த செபமாலை நழுவி விழுந்தது.

"பயப்படாதீங்க பாட்டி, கடிக்காது" என்றோம்.

"அது உங்களுக்குத் தெரியும் தம்பி, எனக்குத் தெரியாதே" என்றார்.

சுருக்கென்றது. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றியபின் பிழைப்போர் மிக அரியர். அவரது அச்சம் அறியாமையன்று. தோபியாவும் வானதூதரும் நடந்த வழியில் நாயும் உடன் சென்றதாகத் தோபித்து நூல் கூறும். நமக்கு வழித்துணையாவது பிறர்க்கு வழித்தடையாகலாமா?

இப்போது எவரேனும் எதிர்ப்படின், கயிற்றைக் குறுகப் பிடித்து ஓரமாய் நின்றுவிடுகிறோம். மூதாட்டியும் செபமாலையை உருட்டியபடியே கடந்து செல்கிறார்.