கல்லிடைக்குறிச்சி மாடியில் ஓர் அமாவாசை

பங்குனி அமாவாசைக்கு ஊருக்குப் போன இடத்தில், "அத்தே, ராத்திரி மாடிக்கு வாங்க, நம்ம ஊர் வானத்தைக் காட்டுதேன்" என்றான் நாத்தனார் மகன். வானத்தில் என்ன புதுசு, பாளையங்கோட்டையில் துணி உலர்த்தும்போது தினமும் தலைக்கு மேலே இருப்பதுதானே என்று நினைத்தேன். இருந்தாலும் மறுநாளைக்கு மாவை ஆட்டி வைத்துவிட்டு ஏறினேன். பின்னாலேயே, கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு என் மாமியாரும் வந்துவிட்டார். போன தை மாதம்தான் அவருக்குக் கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்தோம்.

கல்லிடைக்குறிச்சிக்கு வடக்கே தாமிரபரணி, தெற்கே வயலும் மணிமுத்தாறு மலையும். அந்தப் பக்கம் விளக்கே கிடையாது.

பையன் கொண்டுவந்த பைனாகுலரைப் பார்த்ததும் மலைத்துப் போனேன். முன்கண்ணாடி ஒவ்வொன்றும் 80 மில்லிமீட்டர், காபி டபராவின் வாய் அகலம். 20 மடங்கு பெரிதாக்கிக் காட்டுமாம். இரண்டு கிலோவுக்கு மேல் கனம், கையில் பிடித்தால் நட்சத்திரமெல்லாம் நடுங்கும் என்று ஸ்டாண்டில் பொருத்தியிருந்தான். இருட்டில் நம் கண்மணி நன்றாக விரிந்தாலும் 7 மில்லிமீட்டர்தான். இந்தக் கண்ணாடியோ அதைப்போல நூறு மடங்குக்கும் மேல் வெளிச்சத்தை வாங்குகிறது. அதனாலேயே, பொழுது நன்றாகச் சாயும்வரை மூடியைக் கழற்ற விடவில்லை அவன். தப்பித்தவறி சூரியன் பக்கம் திரும்பினால் பார்வையே போய்விடும். குழந்தைகள் உள்ள வீட்டில் இது ரொம்ப ரொம்ப ஜாக்கிரதை!

கார்த்திகை மேற்கே சாய்ந்துகொண்டிருந்ததால் முதலில் அதைத் திருப்பிவைத்து, "ஆச்சி, நீங்க பாருங்க" என்றான். முருகனுக்குப் பாலூட்டிய ஆறு பெண்கள் என்று நமக்குக் கதை சொன்னவரே அவர்தான். குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"ஏலே, ஆறுன்னுதானே சொன்னாங்க? இங்க கொட்டிக் கெடக்கே!"

பிறகு, எங்களைப் பார்க்காமலே சொன்னார். "ரொம்ப வருசமா எனக்கு இது ஒரு புகை மாதிரிதான் தெரிஞ்சுது. யார்ட்டயும் சொல்லல." போன வருஷம் அவர் அரிசியில் கல்லை விட்டபோதுதான் எங்களுக்குப் புரை விஷயமே தெரியும். நட்சத்திரம் மங்கியதை யார் கேட்டோம்?

அடுத்த அரைமணி எங்களைச் சும்மா உட்கார வைத்தான். கண் இருட்டுக்குப் பழகவேண்டுமாம். செல்போன் கூடாது, டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாள். அதற்குள் தெற்கே மலைக்கு மேலே அகத்தியரைக் காட்டினான். பொதிகையில் அகத்தியர் என்று கேட்டு வளர்ந்தவள்தான், ஆனால் அவர் பெயரில் வானத்திலேயே இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம் இருப்பதை அன்றைக்குத்தான் கண்டேன். கையை நீட்டி முஷ்டி பிடித்து அளந்தால், நம் ஊரில் அது ஏறக்குறைய மூன்று முஷ்டி உயரத்துக்கு ஏறும். டில்லியில் ஒரு முஷ்டிகூட முழுசாகக் கிடையாது. லண்டனில் உதிப்பதே இல்லை.

பிறகு திருவாதிரை இருக்கிற கூட்டத்தில், வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரத்துக்குக் கீழே ஒரு வெண்புகை. சுமார் 1,300 ஒளியாண்டு தூரத்து வாயு மேகம். பல்லவர்கள் மாமல்லபுரத்தில் கல் செதுக்கிய காலத்தில் புறப்பட்ட வெளிச்சம்! "இப்ப இதை வச்சுப் பாருங்க" என்று எட்டணாக் காசைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடிவில்லை ஒன்றைக் கண்ணுக்கு முன்னால் பிடித்தான். பில்டராம். சுற்றியிருந்த நட்சத்திரங்கள் மங்கின, புகை மட்டும் சிறகு விரித்தது.

மாவு சலிக்கிற கதைதான். இந்த மேகங்கள் சில குறிப்பிட்ட நிறங்களில்தான் ஒளிர்கின்றன. அந்த நிறங்களை மட்டும் விட்டு, தெருவிளக்கின் மற்ற வெளிச்சத்தை பில்டர் நிறுத்திவிடுகிறது. பழைய மஞ்சள் சோடியம் விளக்கென்றால் நன்றாகவே நிறுத்துமாம். இப்போதைய வெள்ளை எல்.ஈ.டி.யில் எல்லா நிறமும் கலந்திருப்பதால் கொஞ்சம் நழுவி வந்துவிடும். நட்சத்திரக் கூட்டத்துக்கு இது ஆகாது. நட்சத்திர வெளிச்சத்திலும் எல்லா நிறமும் உண்டு, அதையும் சேர்த்துச் சலித்துவிடும்.

பத்தரை மணிக்கு நேர் தெற்கே, இரண்டு முஷ்டி உயரத்தில், கரீனா மேகம். சுமார் 7,500 ஒளியாண்டு. பில்டரை வைத்ததும் நடுவே கறுப்பாக ஒரு வகிடு தெரிந்தது. அதற்குக் கிழக்கே சாய்ந்தாற்போல் தெற்குச் சிலுவை. இன்னும் கிழக்கே ஒமேகா சென்டாரி. வெறும் கண்ணுக்குக் கலங்கிய ஒரே நட்சத்திரம், பைனாகுலரில் கோலப்பொடியைச் சிட்டிகையால் வைத்த உருண்டை. 1677-இல் எட்மண்ட் ஹாலி இதைப் பார்த்தது செயிண்ட் ஹெலினா தீவுக்குக் கப்பலேறிப் போய். சுமார் ஒரு கோடி நட்சத்திரங்களாம் அதில். நாங்கள் மாடிப்படிதான் ஏறினோம்!

எல்லோரும் இதை வாங்கவேண்டுமென்று சொல்லவில்லை. சிறிய பைனாகுலரிலேயே கார்த்திகை அழகாகத் தெரியும். திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் 1987 முதல் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. வானம் காட்டும் நாட்களை அங்கே விசாரிக்கலாம். ஆனிச் சாரல் தொடங்கினால் மேகம் மூடிவிடும், அதற்கு முன்னால் முந்திக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு மணிக்கு நான் கீழே வந்தபோது மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்திருந்தது. துடைத்துவிட்டு மாமியாரைக் கூப்பிடப் போனேன். ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நீ போய்ப் படு தாயி. அந்த உருண்டை இன்னும் கொஞ்சம் மேல வரும்னான்."