வில்லில் ஒரு பென்சில் பொட்டு

ஏலக்காயைச் சல்லடையில் இட்டுச் சலிப்பதுதான் எங்கள் கடையில் காலையின் முதல் வேலை. எட்டு மில்லிமீட்டர் கண்ணில் தங்குவது ஒரு மூட்டைக்கு, ஏழில் தங்குவது இன்னொரு மூட்டைக்கு, அதற்கும் கீழே விழுவது வேறொன்றுக்கு. போடிநாயக்கனூரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே என் மகள், வார இறுதி வில்வித்தைப் போட்டியொன்றின் விதிமுறைத் தாளை நீட்டி, "ஒரே விளையாட்டுக்கு ஏன் அத்தா இத்தனை பிரிவுகள்?" என்று கேட்டபோது, அந்தச் சல்லடைகளைத்தான் காட்டினேன். பெரிய காயும் சிறிய காயும் ஒரே குவியலில் கிடந்தால் எதற்கும் நியாயமான விலை அமையாது.

அவளுக்கு வில்லின்மீது நாட்டம் பிறந்தது 2025 ரமளானின் இறுதிப் பத்தில். மதுரையில் பிறந்து, தமிழ்நாட்டில் நவீன வில்வித்தை பரவ முன்னின்று உழைத்த ஷிஹான் ஹுசைனி அந்த மார்ச் 25ஆம் நாள் இரத்தப் புற்றுநோயால் காலமானார். கராத்தேக்காரர் என்றே நான் அறிந்திருந்தவரை, வில்லாளி என்று மகள்தான் எனக்குச் சொன்னாள். பெருநாள் கழிந்ததும் வில் வேண்டுமெனக் கேட்டாள். பழைய வில்லொன்று கிடைத்தது. முந்தல் பக்கம் நண்பரொருவரின் மாந்தோப்பில் பயிற்சி. வில்லுறையைத் தூக்கிக்கொண்டு போனால் வழியில் காண்போரெல்லாம், "காட்டுப் பன்றிக்கா?" என்று கேட்பார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை நான் எத்தனை பேருக்குத்தான் எடுத்துரைப்பது?

தாளில் மூன்று பிரிவுகள் இருந்தன. முதலாவது ரிகர்வ், ஒலிம்பிக்கில் நாம் நெடுங்காலமாகக் காணும் வில். நுனிகள் முன்னோக்கி வளைந்திருக்கும். குறிபார்க்கும் கருவி, நிலைப்படுத்தும் நீண்ட தண்டுகள், அம்பு உரிய அளவு பின்னே வந்ததும் 'டிக்' என ஒலிக்கும் கிளிக்கர் ஆகிய யாவும் அதில் அனுமதி. பெரியவர்கள் 70 மீட்டரிலிருந்து, 122 சென்டிமீட்டர் விட்டமுள்ள இலக்கு அட்டையில் எய்வர். இரண்டாவது காம்பவுண்ட். முனைகளில் உருளைகள் இருப்பதால் நாணை முழுவதும் இழுத்தபின் கையில் தாங்கும் பாரம் வெகுவாகக் குறைந்துவிடும். விரலுக்குப் பதில் விடுவிசையும், குறியைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியும் உண்டு. இத்தனை வசதி இருப்பதனால் அட்டையை 80 சென்டிமீட்டராகச் சுருக்கி 50 மீட்டரில் வைக்கிறார்கள். இழுவிசையும் 60 பவுண்டைத் தாண்டக் கூடாது. கைகளின்றிப் பிறந்த ஷீத்தல் தேவி, காலால் வில்லைப் பிடித்து 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் இணைந்து வெண்கலம் வென்றது இவ்வகை வில்லில்தான்.

மூன்றாவது பேர்போ, அதாவது வெறும் வில். என் மகளுடையது இதுவே. குறிபார்க்கும் கருவி இல்லை, நீண்ட தண்டுகள் இல்லை, கிளிக்கர் இல்லை. நாணைக் கழற்றிய வில் 12.2 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு வளையத்துக்குள் நுழைந்து வெளிவர வேண்டும். நாணில் விரலை எவ்வளவு கீழே வைப்பது என்பதை, விரல் காப்பின் தையல்களை எண்ணித் தீர்மானிக்கலாம். அதற்குத் தடையில்லை. ஆனால், குறிபார்க்க உதவக்கூடிய எந்த அடையாளமும், ஒரு கீறலோ கறையோகூட, வில்லின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கக் கூடாது. இந்த விதியைப் படித்தபோது நான் பெரிதாக எண்ணவில்லை.

இவ்விதிகளை நம் மார்க்க நூல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது ஒரு வியப்புத் தோன்றியது. அம்பெய்யும் போட்டிக்கு ஃபிக்ஹு நூல்களில் 'முனாளலா' என்று தனிப் பகுதியே உண்டு. எத்தனை அம்புகள், எவ்வளவு தூரம், இலக்கின் அளவு என்ன, எதை வெற்றியாகக் கொள்வது என்பனவற்றை முன்கூட்டியே வரையறுக்க வேண்டுமென அறிஞர்கள் எழுதியுள்ளனர். அரபு வில்லுடையவரும் பாரசீக வில்லுடையவரும் தமக்குள் போட்டியிடலாமா என்றும் விவாதித்துள்ளனர். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களே தேர்ந்த வில்லாளி என்பது பலரும் அறிந்த செய்தி. நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று, அன்ஃபால் அத்தியாயத்தின் 60ஆம் வசனம் கூறும் பலத்தை அம்பெய்தல் என்றே மும்முறை விளக்கியதாக உக்பா இப்னு ஆமிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது.

எனக்கிருந்த தயக்கம் நுழைவுக் கட்டணம் பற்றியது. போட்டியிடுவோர் ஆளுக்கொரு தொகை போட்டு, வென்றவர் அதை அள்ளிக்கொண்டு போவது சூதாட்டத்தின் சாயல் கொண்டது. ஒட்டகம், குதிரை, அம்பு ஆகிய மூன்றின் போட்டிகளுக்கே பரிசு என்ற கருத்தில் அபூதாவூதில் ஹதீஸ் வந்திருப்பினும், பரிசு எங்கிருந்து வருகிறது என்பதை நம் அறிஞர்கள் உற்று நோக்கியுள்ளனர். மூன்றாமவர் ஒருவர் பரிசளித்தால் சிக்கலில்லை. ஆகவே நடத்துவோரிடம் நேரில் சென்று கேட்டேன். கட்டணம் இலக்கு அட்டைகளுக்கும் நடுவர்களின் செலவுக்கும் போகிறது என்றும், பதக்கங்களை வணிகரொருவர் அன்பளிப்பாகத் தருகிறார் என்றும் சொன்னார்கள். மனம் நிம்மதியடைந்தது. இப்படியொரு கேள்வியோடு வந்த முதல் தகப்பன் நான்தானாம்!

போட்டி, மலையடிவாரத்து மைதானம் ஒன்றில். மேற்கே போடிமெட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளை மேகம் மூடியிருந்தது. ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் விடியலிலேயே மேலேறிவிட்டிருந்தன. முக்காடு நாணில் சிக்காதவாறு மார்புக் காப்புக்குள் செருகிக்கொண்டு மகள் வரிசையில் நின்றாள். இரண்டு விசிலுக்குக் கோட்டருகே வர வேண்டும், ஒன்றுக்கு எய்யலாம், மூன்றுக்கு அம்பெடுக்கப் போகலாம். எவரேனும் கோட்டுக்கு முன்னால் இருக்கையில் வில்லில் அம்பு தொடுக்கவே கூடாது. பள்ளிவாசலுக்குள் அம்புகளோடு வந்தவரிடம், யாரையும் காயப்படுத்தாதவாறு முனைகளைப் பிடித்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் கூறியது நினைவுக்கு வந்தது.

புள்ளிகளை எய்தவரே உரக்கச் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது. அம்பு கோட்டைத் தொட்டிருந்தால் கூடுதல் மதிப்புள்ள வட்டம் கணக்காகும். எழுதி முடிக்கும்வரை அம்பையோ அட்டையையோ ஒருவரும் தொடக் கூடாது. தம் புள்ளியைத் தாமே சொல்ல, உடனிருப்போர் சரிபார்க்கிறார்கள். மில்லிமீட்டர்கள் எவ்வளவு பெரியவை என்பதற்கு 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் ஆடவர் இறுதிப் போட்டியே சாட்சி. கொரியாவின் கிம் வூ-ஜின், அமெரிக்காவின் பிரேடி எலிசனைவிட மையத்துக்கு 4.9 மில்லிமீட்டர் நெருக்கமாக எய்து தங்கம் வென்றார்.

முதல் 36 அம்புகளின் முடிவில் மகளுக்கு 236 புள்ளிகள், மூன்றாம் இடம். இடைவேளையில் லுஹர் தொழுதுவிட்டு வந்து, வில்லில் படிந்திருந்த தூசியைத் துடைத்தேன். கைப்பிடிக்கு மேலே, உட்புறத்தில், பென்சிலால் வைத்த ஒரு பொட்டு தெரிந்தது. சோதனையில் வளையம் சரியாக இருந்தது, நடுவர் கையொப்பமிட்டார், பொட்டை அவர் காணவில்லை.

என் கையில் துணி இருந்தது. ஒருமுறை அழுத்தித் தேய்த்திருந்தால் முடிந்துபோயிருக்கும். தேய்க்கவே எண்ணினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. எட்டு மில்லி மூட்டையில் ஏழு மில்லிக் காய் இரண்டு கைப்பிடி கலந்துவிட்டதை அறிந்தும் ஏலத்துக்கு அனுப்பிய நாள் ஒன்று என் வாழ்விலும் உண்டு. மாதிரிக்கு எடுத்த காய் நன்றாகவே இருந்தது, விலையும் கிடைத்தது. தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டதும், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று அவர்கள் எச்சரித்ததுமான ஹதீஸை அந்த வாரம் ஜும்ஆவில் கேட்டேன். இமாம் என்னைப் பார்த்துப் பேசவில்லை. ஆனாலும் தலை நிமிரவில்லை.

மகளை அழைத்துப் பொட்டைக் காட்டினேன்.

"போன மாதம் தோப்பில் வைத்தது அத்தா. அழிக்க மறந்துவிட்டேன். இப்போது அதைப் பார்த்து எய்வதில்லை."

"சரி" என்றேன். வேறெதுவும் சொல்ல வரவில்லை. உண்மையில், அவள் அந்தப் பதிலோடு நின்றுவிட்டால் நானும் நின்றுவிடுவேன் என்றே தோன்றியது.

அவள் வில்லை வாங்கிச் சிறிது நேரம் பார்த்தாள். "பார்ப்பதில்லை என்று நான் சொல்கிறேன். கண் என்ன செய்தது என்று எனக்குத் தெரியாதே" என்றாள். பிறகு நடுவர் மேசையை நோக்கி நடந்தாள். நான் பின்னால் போனேன்.

நடுவர்கள் இருவர் கலந்து பேசினர். கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. முதல் சுற்றின் புள்ளிகள் கணக்கில் வாரா. பொட்டை அழித்துவிட்டு இரண்டாம் சுற்றை எய்யலாம். தரவரிசையில் இடம் இராது. கையொப்பமிட்ட நடுவர், தாம் கவனித்திருக்க வேண்டுமென்று வருத்தப்பட்டார். பொட்டை அவளே எச்சில் தொட்ட விரலால் அழித்தாள்.

பிற்பகலில் மலையிலிருந்து காற்று இறங்கியது. அம்புகள் இடப்பக்கம் ஒதுங்கின. கணக்கில் சேராத சுற்றுக்கு இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு நாணை இழுப்பானேன் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் என்னிடம் கேட்டார். ஒவ்வொரு முறையும் அவள் தன் புள்ளிகளை உரக்கச் சொன்னாள். எழுதுபவர் எழுதினார்.

அஸர் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். வண்டியில் புள்ளித் தாளை மடியில் விரித்து இரு முறை கூட்டிப் பார்த்தாள். இரண்டாம் சுற்றில் 229. முதல் சுற்றைவிட ஏழு குறைவு. அந்த ஏழும் காற்றினால் போயினவா, பொட்டினால் வந்திருந்தவையா என்று நான் கேட்கவில்லை. போடி ஊருக்குள் நுழையும்வரை அவளும் அந்தத் தாளை மடிக்கவில்லை.